கட்டிக்கான ஆபரேஷனா, வலிப்புக்கான ஆபரேஷனா?

கேள்வி சுருக்கமாக இதுதான்: "என் தங்கைக்கு 26 வயது. ஆறு வருஷமாக வலிப்பு வருகிறது. ஸ்கேனில் மூளையின் இடது பொட்டு மடலில், அதாவது காதருகே நெற்றிப்பொட்டுக்கு உள்ளே இருக்கும் பகுதியில், சின்னக் கட்டி ஒன்று தெரிகிறது. புற்றுநோய் மாதிரி தெரியவில்லை, இரண்டு வருஷமாக வளரவும் இல்லை என்கிறார்கள். மூன்று மாத்திரை மாற்றிப் பார்த்தாகிவிட்டது, இன்னும் மாதத்துக்கு மூன்று நான்கு தடவை வருகிறது. இப்போது ஆபரேஷன் செய்யலாம் என்கிறார் டாக்டர். வளராத கட்டிக்காக மண்டையைத் திறக்க வேண்டுமா?"

நீங்கள் கட்டியை நினைத்துக் கேட்கிறீர்கள். உங்கள் டாக்டர் வலிப்பை நினைத்துச் சொல்லியிருக்கிறார். இரண்டும் வேறு வேறு விஷயம் என்பது முதலில் மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் தெளிவாகிவிடும். மூளைக்கட்டி என்றதும் நம் எல்லோருக்கும் வரும் பயம் அது வளருமா, பரவுமா, உயிரை எடுக்குமா என்பதுதான். உங்கள் தங்கைக்கு இருப்பது போன்ற கட்டிகளில் அந்தப் பயத்துக்கு இடம் குறைவு. ஆனால் அந்தக் கட்டி சும்மா இருக்கவில்லை. மாதத்துக்கு மூன்று நான்கு முறை அவளைக் கீழே தள்ளிக்கொண்டிருக்கிறது. வளராத கட்டிக்கு ஆபரேஷன் தேவையா என்று கேட்பதைவிட, நிற்காத வலிப்புக்கு ஆபரேஷன் தேவையா என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் ஆமாம் என்றுதான் நான் பதில் சொல்வேன். ஏன் என்று சொல்கிறேன்.

மூளைக்கட்டிகளில் ஒரு விசித்திரம் உண்டு. வேகமாக வளர்கிற பொல்லாத கட்டிகளைவிட, மெதுவாக வளர்கிற அல்லது வளரவே வளராத கட்டிகள்தான் அதிகமாக வலிப்பை உண்டாக்குகின்றன. கிளியோபிளாஸ்டோமா என்ற மிக மோசமான கட்டி வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கோ அதைவிடக் குறைவானவர்களுக்கோதான் வலிப்பு வருகிறது. கிளியோமா என்பது நரம்பணுக்களுக்குத் துணையாக இருக்கும் அணுக்களிலிருந்து வளரும் கட்டி. அதில் மெதுவாகப் பரவும், வீரியம் குறைந்த கீழ்நிலை வகைகளில் பாதிக்கும் மேல், பல கணக்குகளில் பத்தில் ஏழெட்டுப் பேர். கேங்லியோகிளியோமா, டி.என்.இ.டி. என்று இரண்டு கட்டிகள் இருக்கின்றன. இவற்றில் ஏறக்குறைய எல்லாருக்கும் வலிப்புதான் முதல் அறிகுறி, பலருக்கு அது ஒன்றே அறிகுறி. சிறுவயதிலோ இளவயதிலோ தொடங்கும், பெரும்பாலும் பொட்டு மடலில் இருக்கும், வருஷக்கணக்கில் அளவு மாறாது. நீங்கள் சொன்ன விவரங்களைக் கேட்டால் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த கட்டியாக இருக்கலாம் என்று தோன்றுகிறது. எடுத்துப் பரிசோதித்த பிறகுதான் உறுதியாகத் தெரியும்.

டி.என்.இ.டி. என்ற கட்டியைத் தனி வகையாக அடையாளம் கண்டது 1988-இல். பிரான்சைச் சேர்ந்த கேத்ரின் டோமா-டுபோரும் அவருடன் பணியாற்றியவர்களும் மருந்துக்கு அடங்காத வலிப்பு இருந்த 39 இளவயதினரின் கட்டிகளை ஆராய்ந்து எழுதினார்கள். அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே இது அறுவை சிகிச்சையால் குணமாக்கக்கூடிய கட்டி என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு முன்னால் இப்படிப்பட்டவர்களில் சிலரைப் புற்றுநோய் என்று எண்ணி, தேவையில்லாமல் கதிர்வீச்சு கொடுத்ததும் உண்டு.

சரி, வளராத கட்டி ஏன் வலிப்பைத் தருகிறது? கட்டி அழுத்துவதால் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரு சிறு பங்குதான். மூளையின் நரம்பணுக்கள் தூண்டும் சமிக்ஞைக்கும் அடக்கும் சமிக்ஞைக்கும் நடுவே ஒரு சமநிலையில் இயங்குகின்றன. குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் தூண்டும், காபா என்ற வேதிப்பொருள் அடக்கும். கிளியோமா அணுக்கள் குளூட்டமேட்டை வெளியே கொட்டுகின்றன. கட்டியைச் சுற்றியுள்ள நரம்பணுக்களுக்குள் குளோரைடு உப்பின் அளவு மாறிப்போகிறது. அதனால் அடக்க வேண்டிய காபாவே சில இடங்களில் தூண்ட ஆரம்பிக்கிறது. ஐ.டி.எச். என்ற மரபணு மாற்றம் உள்ள கிளியோமாக்கள் உண்டாக்கும் ஒரு வேதிப்பொருள், அமைப்பில் குளூட்டமேட்டை ஒத்திருக்கிறது. அந்தக் கட்டிகளில் வலிப்பு அதிகம் வருவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று கருதப்படுகிறது. கேங்லியோகிளியோமாவில் கதை இன்னும் வேறு. கட்டிக்குள்ளேயே கோணல்மாணலான நரம்பணுக்கள் இருக்கின்றன, அவையே மின்பொறி கிளப்பக்கூடியவை. போதாததற்கு, கட்டியை ஒட்டிய புறணி, அதாவது மூளையின் மேலடுக்கு, கருவிலேயே சரியாக அடுக்கப்படாமல் உருவாகியிருப்பதும் உண்டு. ஸ்கேனில் அது கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம்.

இவ்வளவு விவரமாகச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. வலிப்பு கிளம்பும் இடம் கட்டியின் எல்லையோடு முடிந்துவிடுவதில்லை. பல நேரம் கட்டியைச் சுற்றியுள்ள ஓரத்திலிருந்துதான் கிளம்புகிறது. கட்டியை மட்டும் நினைத்துச் செய்யும் ஆபரேஷனுக்கும் வலிப்பை நினைத்துச் செய்யும் ஆபரேஷனுக்கும் வித்தியாசம் வருவது இங்கேதான். முதலாவதில் ஸ்கேனில் தெரிவதை எடுத்தால் வேலை முடிந்தது. இரண்டாவதில், எடுக்கும் முன்பே வலிப்பு எங்கே தொடங்குகிறது, எங்கே ஓடுகிறது என்று தேட வேண்டும்.

அடுத்து மாத்திரை. இன்னும் ஒரு மருந்து மாற்றிப் பார்ப்போமே என்று எல்லாக் குடும்பத்துக்கும் தோன்றும். இயல்பானதுதான். ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். கிளாஸ்கோவில் குவானும் பிராடியும் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், அதுவரை மருந்தே எடுக்காத 470 வலிப்பு நோயாளிகளில் முதல் மருந்திலேயே வலிப்பு நின்றவர்கள் 47 சதவீதம். இரண்டாவது மருந்தில் நின்றவர்கள் 13 சதவீதம். மூன்றாவது மருந்தைத் தனியாகக் கொடுத்து நின்றவர்கள் வெறும் 1 சதவீதம். பிறகு எத்தனையோ புது மருந்துகள் வந்துவிட்டன, ஆனால் இந்த வடிவம் பெரிதாக மாறவில்லை. அதனால்தான் சரியாகத் தேர்ந்தெடுத்து, சரியான அளவில் கொடுத்த இரண்டு மருந்துகள் தோற்றுவிட்டால் அதை மருந்துக்கு அடங்காத வலிப்பு என்று கொள்ளலாம் என சர்வதேச வலிப்பு எதிர்ப்புக் கழகம் 2010-இல் வரையறுத்தது. உங்கள் தங்கை மூன்றைப் பார்த்துவிட்டாள். கட்டி கண்ணுக்குத் தெரிகிறபோது நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் காத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

காத்திருப்பது பத்திரமானது என்ற எண்ணம்தான் இதில் மிகவும் ஆபத்தானது. ஆபரேஷனின் ஆபத்து ஒரே நாளில் கண்முன் நிற்கிறது, அதனால் பெரிதாகத் தெரிகிறது. நிற்காத வலிப்பின் ஆபத்து வருஷங்களில் பரவிக் கிடக்கிறது, அதனால் தெரிவதில்லை. விழுந்து அடிபடுவது, தண்ணீரிலோ நெருப்பருகிலோ இருக்கும்போது வருவது, ஞாபகசக்தி தேய்வது, மனச்சோர்வு, படிப்பும் வேலையும் தடைபடுவது. வலிப்பு நோயாளிகளில் சிலர் வேறு காரணம் ஏதுமின்றித் திடீரென்று, பெரும்பாலும் தூக்கத்தில், இறந்துபோவதும் உண்டு. உடல் முழுக்க வெட்டி இழுக்கும் பெரிய வலிப்பு அடிக்கடி வருகிறவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல். உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. தராசில் இரண்டு தட்டிலும் எடை இருக்கிறது என்பதை நீங்கள் பார்க்க வேண்டும்.

கனடாவில் வீபேயும் சகாக்களும் 2001-இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் ஒரு திருப்பம். பொட்டு மடல் வலிப்பு இருந்த 80 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப்பேரை ஆபரேஷனுக்கும் பாதிப்பேரை மருந்திலேயே தொடரவும் ஒதுக்கினார்கள். ஒரு வருஷம் கழித்து, நினைவு தவறும் வலிப்பு இல்லாமல் இருந்தவர்கள் அறுவைப் பிரிவில் 58 சதவீதம், மருந்துப் பிரிவில் 8 சதவீதம். இறந்த ஒருவரும் மருந்துப் பிரிவைச் சேர்ந்தவர். அந்த ஆய்வு கட்டிக்கென்று செய்யப்பட்டது இல்லை, பொதுவாகப் பொட்டு மடல் வலிப்புக்கானது. கட்டி இருப்பவர்களுக்கு முடிவுகள் இதைவிட நன்றாகவே இருக்கின்றன, ஏனென்றால் எங்கே தேடுவது என்று முன்கூட்டியே தெரிகிறது. பொட்டு மடலின் கீழ்நிலைக் கட்டிகளுக்கு ஆபரேஷன் செய்துகொண்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வில், கட்டி முழுவதும் எடுக்கப்பட்டவர்களில் 79 சதவீதம் பேருக்கு வலிப்பு நின்றது. ஒரு பகுதியை விட்டுவிட்டு எடுத்தவர்களில் 43 சதவீதம்தான். கட்டியோடு, பொட்டு மடலுக்குள் ஞாபகத்தைத் தாங்கும் பகுதியான ஹிப்போகாம்பஸையோ சுற்றியுள்ள புறணியையோ சேர்த்து எடுத்தவர்களில் 87 சதவீதம். வலிப்பு தொடங்கிச் சீக்கிரமே ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குப் பலன் கூடுதல் என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஆறு வருஷம் ஆகிவிட்டதே என்று கலங்க வேண்டாம், அதற்குப் பிறகும் நிற்கிறது. இன்னும் தள்ளிப்போட அது காரணமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

87 என்ற எண்ணைப் பார்த்ததும் அதையே செய்துவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் இடது பக்கம் என்பது பெரிய விஷயமாகிறது. வலது கைப் பழக்கம் உள்ள பெரும்பாலானோருக்கு மொழி இடது பக்கத்தில் இருக்கிறது. இடது ஹிப்போகாம்பஸ் சொற்களால் ஆன ஞாபகத்தை, அதாவது பெயர்கள், படித்தது, கேட்ட செய்தி இவற்றைத் தாங்குகிறது. அது ஏற்கெனவே சுருங்கி, கெட்டுப்போயிருந்தால் எடுப்பதால் இழப்பு குறைவு. ஸ்கேனில் அது நன்றாக இருந்து, ஞாபகப் பரிசோதனையிலும் உங்கள் தங்கை நன்றாகச் செய்தால், அதை எடுப்பது நல்ல சொத்தை விற்பது போல. அப்படிப்பட்ட நிலையில் கட்டியையும் அதன் ஓரத்தையும் மட்டும் எடுத்து ஹிப்போகாம்பஸை விட்டுவைப்பதே என் விருப்பம். வலிப்பு நிற்காவிட்டால் பின்னர் இன்னொரு முறை யோசிக்கலாம். எடுத்த ஹிப்போகாம்பஸைத் திருப்பி வைக்க முடியாது. இதில் நிபுணர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு, அதனால் உங்கள் அறுவை மருத்துவரிடம் இதை நேரடியாகவே கேளுங்கள்.

இதை முடிவு செய்யத்தான் ஆபரேஷனுக்கு முன்னால் அத்தனை பரிசோதனைகள். வீடியோ ஈ.ஈ.ஜி. என்பது நாட்கணக்கில் மருத்துவமனையில் வைத்து, மாத்திரையைக் கொஞ்சம் குறைத்து, வலிப்பு வரும்போது கேமராவிலும் மின்வரைவிலும் ஒரே நேரத்தில் பதிவு செய்வது. வலிப்பை வரவழைக்கவா இவ்வளவு செய்கிறார்கள் என்று குடும்பத்தினர் கோபப்படுவதுண்டு. வேறு வழியில்லை. வலிப்பு அந்தக் கட்டியிலிருந்துதான் கிளம்புகிறதா என்று பார்க்காமல் கத்தியை எடுக்கக் கூடாது. மெல்லிய துண்டுகளாக எடுக்கும் எம்.ஆர்.ஐ., ஞாபகமும் மொழியும் எந்தப் பக்கம் என்று பார்க்கும் செயல்பாட்டு எம்.ஆர்.ஐ., உளவியலாளரின் சில மணிநேரச் சோதனை இவையெல்லாம் சேரும். சில இடங்களில் வாடா சோதனையும் செய்வார்கள். ஜூன் வாடா என்ற மருத்துவரின் பெயரால் அழைக்கப்படும் அதில், மூளையின் ஒரு பாதியைச் சில நிமிடங்கள் மருந்தால் உறங்க வைத்துவிட்டு மறுபாதி பேசுகிறதா, ஞாபகம் வைக்கிறதா என்று பார்க்கிறார்கள். எல்லாப் பரிசோதனைகளும் ஒரே இடத்தைக் காட்டாவிட்டால், மண்டையோட்டில் சிறு துளைகள் வழியாக மெல்லிய மின்முனைகளைச் செருகி உள்ளிருந்தே பதிவு செய்வது உண்டு. உங்கள் பங்குக்கு ஒன்று செய்யலாம்: அடுத்த முறை வரும்போது போனில் வீடியோ எடுங்கள். தொடங்கும் நொடி முக்கியம். வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறுவது போல, இல்லாத வாடை வருவது போல, ஏற்கெனவே நடந்தது மறுபடி நடப்பது போல முதலில் தோன்றுகிறதா என்று அவளிடம் கேட்டு எழுதி வையுங்கள். பொட்டு மடலின் கையெழுத்து அது.

வலிப்பின் தொடக்கத்தை வைத்துக் கட்டியைக் கண்டுபிடிப்பது ஸ்கேனுக்கு முந்தைய கலை. 1884 நவம்பர் 25 அன்று லண்டனில் ரிக்மன் காட்லீ என்ற அறுவை மருத்துவர் ஒரு இளைஞரின் மூளையிலிருந்து கிளியோமாவை எடுத்தார். அது எங்கே இருக்கிறது என்று சொன்னவர் ஹியூஸ் பென்னட். எக்ஸ்ரேகூடக் கண்டுபிடிக்கப்படாத காலம் அது. இடது பக்க முகமும் கையும் துடித்த விதத்தை மட்டும் வைத்து, வலது மூளையில் இந்த இடம் என்று குறித்துக் கொடுத்தார். மண்டையைத் திறந்தபோது கட்டி அங்கேயே இருந்தது. அந்த இளைஞர் சுமார் நான்கு வாரத்தில் கிருமித்தொற்றால் இறந்துபோனார். இன்று அந்தத் தொற்றைத் தடுக்கவும் குணப்படுத்தவும் மருந்து இருக்கிறது.

இன்னொருவரையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வலிப்பு அறுவையின் முன்னோடியான வைல்டர் பென்ஃபீல்டின் அக்கா ரூத்துக்குப் பல வருஷங்களாக வலிப்பு இருந்தது. காரணம் மூளையில் மெதுவாக வளர்ந்த ஒரு கிளியோமா. 1928-இல் அதைக் கண்டறிந்து பென்ஃபீல்டே ஆபரேஷன் செய்தார். நெற்றி மடலின் பெரும்பகுதியை எடுத்தும் கட்டி முழுதும் வரவில்லை. சில வருஷங்களில் அவர் இறந்துவிட்டார். 1934-இல் மாண்ட்ரியல் நரம்பியல் நிறுவனத்தைத் திறந்ததற்குப் பின்னால் அந்த இழப்பும் இருந்தது. நோயாளி விழித்திருக்கும்போதே மூளையை மெல்லிய மின்சாரத்தால் தொட்டு, எது பேச்சு, எது கை என்று வரைந்துகொண்டு அறுக்கும் முறை அங்கேதான் வளர்ந்தது.

உங்கள் தங்கைக்கும் அந்த முறை வரலாம். கட்டி மொழிப்பகுதிக்கு அருகில் இருந்தால், நடுவே எழுப்பிப் படங்களின் பெயரைச் சொல்லச் சொல்வார்கள். மூளைக்கு வலி தெரியாது, தோலையும் எலும்பையும் மரத்துப்போகச் செய்தால் போதும். கேட்கப் பயமாக இருந்தாலும் பலர் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே தாங்கிக்கொள்கிறார்கள். முழு மயக்கத்திலும் செய்யலாம். அப்போது புறணியின் மேல் மின்முனைகளை வைத்து, கட்டியை எடுத்த பிறகும் ஓரத்தில் பொறி பறக்கிறதா என்று பார்ப்பது உண்டு.

ஆபத்துகளை மறைக்கப் போவதில்லை. ரத்தக்கசிவு, கிருமித்தொற்று, பக்கவாதம் ஆகியவை அரிது, ஆனால் இல்லாமல் இல்லை. இடது பக்கத்தில் செய்தால் முதல் சில வாரங்களுக்குச் சொல் நாக்கு நுனியில் நின்றுகொண்டு வராமல் படுத்தலாம், பெரும்பாலும் சரியாகிவிடும். பார்வை நரம்பிழைகளின் ஒரு வளைவு பொட்டு மடல் வழியாகப் போவதால், வலது மேல் மூலையில் பார்வை கொஞ்சம் மங்கலாம். பலருக்கு அது அன்றாட வாழ்க்கையில் தெரிவதேயில்லை, வண்டி ஓட்டுகிறவர்கள் மட்டும் கேட்டுவைத்துக்கொள்ள வேண்டும். ஞாபகம் பற்றி மேலே சொல்லிவிட்டேன். ஆபரேஷனுக்குப் பின் சில மாதங்கள் மனச்சோர்வு வருவதும் உண்டு, வலிப்பே நின்றுவிட்டவர்களுக்கும்கூட. அதைக் குணக்கோளாறு என்று எடுத்துக்கொள்ளாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மற்றக் கட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை, இதைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவும். மெதுவாகப் பரவும் கிளியோமா என்றால் நிலைமை வேறு. அங்கே கட்டிக்காகவும் வலிப்புக்காகவும் ஒரே ஆபரேஷன்தான், இரண்டுக்கும் முடிந்தவரை அதிகம் எடுப்பது நல்லது. நார்வேயில் இரண்டு மருத்துவமனைகளின் அணுகுமுறையை ஒப்பிட்டு 2012-இல் வந்த ஆய்வில், சிறு துண்டு எடுத்துப் பரிசோதித்துவிட்டுக் காத்திருந்த இடத்தைவிட, ஆரம்பத்திலேயே கட்டியை எடுத்த இடத்தில் நோயாளிகள் அதிக காலம் வாழ்ந்தார்கள். கதிர்வீச்சும் கீமோவும் இந்தக் கட்டிகளில் வலிப்பையும் குறைக்கின்றன. மூளை உறையில் வளரும் மெனிஞ்சியோமாவை எடுத்தால் முன்பு வலிப்பு இருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு நிற்கிறது. கட்டி இருந்தும் வலிப்பே வராதவர்களுக்கு முன்னெச்சரிக்கையாக வலிப்பு மாத்திரை கொடுத்துக்கொண்டே இருப்பதில் பயனில்லை என்பதுதான் இப்போதைய வழிகாட்டுதல். கீமோ எடுப்பவர்கள் பினைடோயின், கார்பமசெபின் போன்ற பழைய மருந்துகளில் இருந்தால் அதை ஒருமுறை நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டும், ஏனென்றால் அவை கல்லீரலை முடுக்கி மற்ற மருந்துகளின் பலனைக் குறைத்துவிடும். லெவெட்டிராசெட்டத்துக்கு அந்தத் தொல்லை இல்லை, ஆனால் சிலரை எரிச்சலும் கோபமும் உள்ளவர்களாக மாற்றிவிடுகிறது.

ஆபரேஷன் முடிந்ததும் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று நினைக்க வேண்டாம். முதல் வாரத்தில் ஓரிரு வலிப்பு வந்தாலும் எல்லாம் வீணானது என்று அர்த்தமில்லை, வீங்கிய மூளையின் எரிச்சலாகவும் இருக்கலாம். மருந்து வழக்கம்போலத் தொடரும். பெரியவர்களுக்குப் பொதுவாக ஒன்றிரண்டு வருஷம் வலிப்பே இல்லாமல் போன பிறகுதான் ஒவ்வொன்றாக, மெதுவாகக் குறைப்பார்கள். சிலர் ஒரு மாத்திரையோடு நிரந்தரமாக இருக்க முடிவு செய்கிறார்கள், அதுவும் நல்ல முடிவுதான். எடுத்த கட்டியின் பரிசோதனை அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள். கேங்லியோகிளியோமா என்றால் பி-ராஃப் மரபணு மாற்றம் இருக்கிறதா என்று பார்த்தார்களா எனக் கேளுங்கள், கட்டி மீண்டும் வந்தால் சிகிச்சைக்கு அது உதவும். ரொம்ப நாள் நின்றிருந்த வலிப்பு திரும்பி வந்தால் மாத்திரையைக் கூட்டுவதோடு நிறுத்தாமல் உடனே எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது உங்கள் தங்கையையே பேச விடுங்கள், வாழப்போவது அவள். அப்புறம் அறுவை மருத்துவரிடம் இதைக் கேளுங்கள்: கட்டியை மட்டும் எடுக்கப் போகிறீர்களா, சுற்றியுள்ளதையுமா? ஹிப்போகாம்பஸ் என்ன நிலையில் இருக்கிறது? வீடியோ ஈ.ஈ.ஜி. எதைக் காட்டியது? இதே மாதிரி எத்தனை பேருக்கு நீங்களே செய்திருக்கிறீர்கள், அவர்களில் எத்தனை பேருக்கு வலிப்பு நின்றது, எத்தனை பேருக்கு நிரந்தரக் குறை வந்தது? வீடியோ ஈ.ஈ.ஜி.யும் ஞாபகப் பரிசோதனையும் இல்லாமலேயே தேதி குறித்துவிட்டார்கள் என்றால், வலிப்பு அறுவையை வழக்கமாகச் செய்யும் இன்னொரு மையத்தில் காட்டிவிட்டு முடிவெடுங்கள். அதற்கு ஆகும் சில வாரங்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். தள்ளிப்போடாதீர்கள் என்று நான் சொன்னது வருஷங்களை நினைத்துத்தான்.